போகும் நாளும் வரும் நாளும்

செங்கல்பட்டில் சுலைமான் பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் அது ஆடி மாதம்தான். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. ஊரே கல்யாணம் செய்யும் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பாயின் நாற்காலி, மேசை, ஜமுக்காளம், சீரியல் பல்பு எல்லாம் வாடகைக்குப் போய் அடுத்தவர் வாசலில் நிற்கும். ஆடியில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. அந்த ஒரு மாதம்தான் சரக்கு முழுவதும் குடோனில் சும்மா அடுக்கிக் கிடக்கும். ஆகவே பாயின் தங்கைகளுக்கு ஆடி, தம்பிக்கு ஆடி, அவருக்கும் மனைவி ஷரீபுன்னிசாவுக்கும் ஆடி. மார்கழியும் காலிதானே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் மார்கழியில் ஐயப்ப பூஜைக்காரர்களும் பஜனைக்காரர்களும் சரக்கை விட்டுவைப்பதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷரீபுன்னிசாவின் நிக்காஹ் அன்று அம்மி பறக்கவில்லை, ஷாமியானா பறந்தது. காஜியாரின் தலைக்கு மேலே போய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் விழுந்த கதையை அந்த அம்மாள் இன்றும் நேற்று நடந்த மாதிரி சொல்லிச் சிரிப்பாள்.

"வாடகைக்கு வாங்கி வேற மாசத்துல பண்ணிக்கலாமே பாய்?" என்று யாராவது கேட்டால் போச்சு. சுலைமான் பாய்க்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுப்பவன் தன் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தன் நாற்காலியை இறக்கினால் அதைவிட மானக்கேடு உண்டா? மிட்டாய்க் கடைக்காரன் தன் வீட்டு விருந்துக்கு எதிர்க்கடையில் மிட்டாய் வாங்குவானா? அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இந்த வீட்டுக்கு ஒரே பெண் ஹாதியா. பி.காம். முடித்துவிட்டுச் சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்வந்தாள். இரண்டாயிரத்து மூன்றில் செங்கல்பட்டில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே கற்றதை வைத்துக்கொண்டு அத்தாவின் கடையைத் திருத்தாமல் விடமாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். அதுவரை பாயின் முறை ரொம்பச் சுலபம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், சரக்கு போகவேண்டிய நாளின் தாளில் பென்சிலால் பெயரைக் கிறுக்கி வைப்பார். சரக்கு என்றைக்குத் திரும்பும் என்பது அவர் மண்டையில் மட்டும் இருக்கும். மண்டை சில நாள் மறக்கும். ஒருமுறை அச்சரப்பாக்கத்தில் இருந்த நாற்காலியை முட்டுக்காட்டுக்குத் தருவதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகுதான் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கடைக்குள் வந்தது.

ஹாதியா அதில் இரண்டு பட்டியல் போட்டாள். ஒன்றில் வருகிற விசேஷங்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் மூன்று தேதி: வந்து சொல்லிவிட்டுப் போன நாள், சரக்கு போகும் நாள், சரக்கு வரும் நாள். இன்னொன்று காலண்டர். ஒரு நாளுக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே கிழமை, தமிழ் மாதம், ஹிஜ்ரி மாதம், முகூர்த்தமா இல்லையா என்பதெல்லாம் இருக்கும். ஷரீபுன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "சுப முகூர்த்தம்… வெறும் நாளு… இன்னிக்கு அமாவாச, எவனும் வரமாட்டான்…" என்று வாசிக்க வாசிக்க, மகள் தட்டினாள். ஒரு வருடத்தையே அம்மாவும் பெண்ணுமாக உள்ளே இறக்கிவிட்டார்கள்.

பிறகு இரண்டு பட்டியலையும் இணைக்க வேண்டும். இந்தத் தேதிக்கு அந்தக் காலண்டரில் எந்த வரி என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய, ஒரு கோடு இழுத்துக் காட்டினால் போதும் என்று சென்டரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஹாதியா தாராள மனசுக்காரி. மூன்று தேதியிலிருந்தும் மூன்று கோடு இழுத்து, ஒரே காலண்டரில் கொண்டுபோய்க் கட்டினாள். கட்டிவிட்டு, போன மாதத்து விசேஷங்களைக் காட்டு என்றாள்.

அது காட்டியதெல்லாம் சாவு வீடுகள். கடப்பாக்கத்தில் ஒன்று, பழவேலியில் ஒன்று, பக்கத்துத் தெரு மளிகைக்காரரின் மாமியார். கல்யாணம் காதுகுத்து ஒன்றையும் காணோம். பெட்டிக்குள் ஏதோ பேய் புகுந்துவிட்டது என்றே ஹாதியா நினைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்த பிறகு பிடிபட்டது. சாவு வீட்டுக்காரர்கள்தான் காலையில் ஓடிவந்து சொல்லி, கையோடு நாற்காலி எடுத்துப்போய், அடக்கம் முடிந்ததும் சாயங்காலமே திருப்பி அனுப்புவார்கள். சொன்ன நாள், போன நாள், வந்த நாள் மூன்றும் ஒரே நாள். மூன்று கோடும் ஒரே வரியில் போய்ச் சேர்வது அவர்களுக்கு மட்டும்தான்.

சொன்ன நாளுக்குப் போட்ட கோட்டை அழித்தாள். உடனே நிக்காஹ், சுன்னத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று திரை நிறையப் பெயர்கள் வந்து விழுந்தன. பேய் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டாள். பாதிப் பேய்தான் போயிருந்தது. அப்போதே உட்கார்ந்து கொஞ்சம் பார்த்திருந்தால் மீதியும் தெரிந்திருக்கும். ஆனால் அன்று வீட்டில் பிரியாணி ஆக்கினார்கள். அதன் பிறகு சரக்கு அனுப்ப விசேஷப் பட்டியலே போதுமாக இருந்ததால், காலண்டரோடு இணைத்துப் பார்க்க வேலை வரவில்லை.

அந்தத் தை மாதம் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை நௌஷாத், கடப்பாக்கத்துப் பையன், ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். வீட்டார் வந்து பார்த்துப் பேசிப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று போன் வரும். ஷரீபுன்னிசா பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரிப்பாள். அம்மா பூண்டு உரிக்கும் பக்கத்தில் ஒரு பெண் என்னதான் பேச முடியும்? "அங்க வெயிலா?" என்பான் அவன். "ஆமா, அங்க?" என்பாள் இவள். வாராவாரம் வெயிலைப் பற்றிப் பேசிப் பேசியே அவளுக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது. ஆள் எப்படி, குணம் எப்படி என்பது மட்டும் தெரியவில்லை. அதை நினைத்து ஒரு பயமும் இருந்தது, ஒரு ஆசையும் இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், அவனுக்கு லீவு வைகாசியில். ஆடி வரைக்கும் முதலாளி விடமாட்டான். இந்த லீவை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. மாப்பிள்ளையின் பெரியப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "இந்த லீவுல நடந்தா நடக்கட்டும். இல்லாட்டி ரெண்டு வருஷம் கட்டிப்போட்டு வெக்க முடியாது. நாங்க வேற எடம் பாத்துக்குவோம்."

சுலைமான் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "வைகாசியா? வைகாசில நம்ம வூட்ல ஒக்கார ஒரு ஸ்டூல் இருக்காதேம்மா. சரக்கெல்லாம் எங்கெங்கயோ கெடக்கும்."

"இருங்க அத்தா, பாத்துச் சொல்றேன்" என்று ஹாதியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் கல்யாணத்துக்குத் தானே நாள் பார்த்த பெண் செங்கல்பட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். நௌஷாத் ஊரில் இருக்கும் நாட்களில் எந்த நாளுக்குச் சரக்கு போகவில்லை என்று கேட்டாள். வரிசையாகச் சில நாள் வந்தன. நடுவில் பளிச்சென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பாய் நம்பவில்லை. "வளர்பிற முகூர்த்தம். அதுவும் ஞாயித்துக்கெழம. காலியா கீதா? நல்லா பாரும்மா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அத்தா."

பாய் கொஞ்ச நேரம் தாடியை நீவிக்கொண்டு நின்றார். முப்பது வருடத் தொழில் அவர் காதில் ஏதோ சொல்லத்தான் செய்தது. ஆனால் பெண்ணின் கல்யாண ஆசை வந்தால் எந்தத் தகப்பனுக்குக் காது கேட்கிறது? "அல்லா நமக்குன்னு எட்த்து வெச்ச நாளும்மா அது" என்றார், கண் கலங்க. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நிக்காஹ், லுஹர் தொழுகைக்குப் பிறகு பகல் விருந்து என்று அழைப்பிதழ் அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

சித்திரை முடியும் நேரம். மதிய வெயிலில் குடையை மடக்கிக்கொண்டு பர்வதம் டீச்சர் கடைக்குள் வந்தார். மாமல்லபுரத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்கள் கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

"பாய் இல்லையாம்மா? சரி, நீயே வாங்கிக்கோ. என் பொண்ணு சுப்ரஜாவுக்குக் கல்யாணம். எல்லாரும் வரணும்" என்று குங்குமம் தடவிய பத்திரிகையை நீட்டினார்.

"எனக்கும் வெச்சிருக்காங்க டீச்சர். நீங்களும் வரணும்" என்று ஹாதியா வெட்கத்தோடு தன்னுடையதை நீட்டினாள்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று வாசித்தார்கள். டீச்சர் வாசிப்பதில் வேகம். கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே நாளா?"

"ஆமா டீச்சர்…" என்று சிரித்த ஹாதியாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப என் நாற்காலி? மண்டபத்துல இருக்கறது பாதிக்குக் கால் ஆடறதுன்னுதானே தையிலேயே வந்து சொல்லி வெச்சேன்? இருக்கற அத்தனையும் வேணும்னேன். நீதானே அந்தப் பெட்டியில தட்டிக்கிட்ட?"

ஹாதியா பெட்டி முன்னால் ஓடினாள். பெட்டியைத் திறந்து விசேஷப் பட்டியலைப் பார்த்தாள். இருக்கிறது. பர்வதம் டீச்சர், மாமல்லபுரம், போகும் நாள் சனி, வரும் நாள் ஞாயிறு. அவளே தட்டியதுதான். ஆனால் காலண்டரோடு இணைத்துக் கேட்டால் டீச்சரைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து சுலைமான் பாய் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் டீச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "டீச்சரம்மா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. தை மாசம் குட்த்த வாக்கு. சரக்கு ஒங்களுது தான். சனிக்கெழம மத்தியானம் வந்து எறங்கும்" என்றார்.

"அப்ப உங்க பொண்ணு கல்யாணம் பாய்?"

"அத நான் பாத்துக்கறேன்."

டீச்சர் போன பிறகு அவர் சத்தம் போடுவார் என்று ஹாதியா காத்திருந்தாள். போட்டிருந்தால் தேவலை. அவர் சுவரில் இருந்த தினசரி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கடப்பாக்கத்துக்கு நானே போய்ப் பேசறேன். வேற நாளு கெடைக்கலன்னா… நமக்கு குட்த்து வெக்கலன்னு நெனச்சுக்க வேண்டியது தான்."

ஹாதியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரைக் குறை சொல்வது? வெயிலைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த அந்தக் குரலை இழக்க அவளுக்கு மனமில்லை. அது எவ்வளவு என்று அந்த நிமிடம்தான் அவளுக்கே தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

காணாமல் போனவர் டீச்சர் மட்டுமா? ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். மதுராந்தகத்துக் கல்யாணம் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் இரண்டு கல்யாணம், இல்லை. வைகாசியில் ஒரு இந்துக் கல்யாணம்கூட அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை! நிக்காஹ் எல்லாம் இருக்கிறது, வளைகாப்பு எல்லாம் இருக்கிறது. ஹாதியா கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். நிக்காஹுக்குக் காலையில் நாற்காலி போகும், விருந்து முடிந்து சாயங்காலம் வந்துவிடும். இந்துக் கல்யாணத்துக்கு முதல் நாளே போகும், ராத்திரி வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், சாப்பாடு முடிந்துதான் திரும்பும். போகும் நாள் வேறு, வரும் நாள் வேறு.

மீதிப் பாதிப் பேயும் அப்போது பிடிபட்டது. போகும் நாளும் வரும் நாளும் ஒரே காலண்டரின் ஒரே வரியில் போய் நிற்கவேண்டும் என்று அவளே இரண்டு கோட்டால் கட்டிப்போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் பாவம், சொன்னதைச் செய்தது. இரண்டும் ஒரே நாளாக இருக்கிற விசேஷத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தது. சாவு வீடு காட்டிய அன்றே இது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? காலண்டர் ஒன்றுதான், ஆனால் அதை இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே காலண்டரைக் கடை வாசலில் ஒரு ஆணியிலும் குடோன் கதவில் ஒரு ஆணியிலும் மாட்டினால்? போகிற சரக்குக்கு வாசல் காலண்டர், வருகிற சரக்குக்குக் குடோன் காலண்டர். தாள் இரண்டிலும் ஒன்றேதான். அதே காலண்டர் பட்டியலை இரண்டாவது தரமும் உள்ளே இழுத்து வைத்தாள். கம்ப்யூட்டர் மறுப்புச் சொல்லாமல் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு ஒன்று சேர்த்துப் பக்கத்தில் நிறுத்தியது. போகும் நாளை முதல் காலண்டரோடும், வரும் நாளை இரண்டாவதோடும் கட்டினாள்.

வைகாசி நிரம்பி வழிந்தது. காலியாகத் தெரிந்த நாளெல்லாம் காலியில்லை. இந்த லீவில் சரக்கு முழுநாளும் வீட்டில் இருக்கிற நாள் ஒன்றுகூட இல்லை. ஹாதியா ஒவ்வொரு நாளாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றாள். அன்றைக்கு வரும் பக்கம் டீச்சர் பெயர் இருக்கிறது. போகும் பக்கம்? யாரும் இல்லை. திங்களும் செவ்வாயும் முகூர்த்தம் கிடையாது. ஆக, டீச்சர் வீட்டுச் சாப்பாடு முடிந்து வண்டி கிளம்பினால், அந்த நேரத்திலிருந்து அத்தனை நாற்காலியும் அவளுடையது. பாதி நாள் இருக்கிறது. அவள் கேட்டது முழு நாள், கிடைத்தது பாதி. இருக்கட்டுமே!

"அத்தா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஷரீபுன்னிசா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

சுலைமான் பாய் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆவாதும்மா. வந்த சரக்க அன்னிக்கே இன்னொரு எடத்துக்கு அனுப்பினது இல்ல நானு. வண்டி நடுவழில நின்னா? அவங்க லேட்டு பண்ணா? எத்தினியோ பேர் கெஞ்சியும் நான் செஞ்சதில்ல. என் பொண்ணுன்னா மட்டும் ரூலு மாறுமா?"

ஷரீபுன்னிசா கரண்டியை ஆட்டினாள். "ஏங்க, அந்த ரூலு எதுக்குப் போட்டீங்க? அடுத்தவங்க விசேஷம் நம்மளால கெடக்கூடாதுன்னு தானே? இது நம்ம வூட்டு விசேஷம். லேட்டானா நாம நிக்கறோம். நம்ம வூட்ட நாம பணயம் வெச்சா எவன் கேப்பான்?"

வாதத்தில் தோற்றால் பாய் டீ கேட்பார். டீ கேட்டார்.

டீச்சரிடம் ஹாதியாவே போய்ப் பேசினாள். தன் தப்பை ஒளிக்காமல் சொன்னாள். "உன் பெட்டியில எங்களையெல்லாம் விட்டுட்டு நிக்காஹ் மட்டும் வெச்சிருந்தியா?" என்று டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒன்பதுக்கு முகூர்த்தம். ரெண்டு மணிக்கு வண்டியை ஏத்திவிடறேன். போ, தைரியமா இரு" என்றார். நிக்காஹ் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, விருந்து இரவுக்கு என்று மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தார்கள். கடப்பாக்கத்துப் பெரியப்பா மட்டும் போனில் முறுக்கிக்கொண்டார். "பதினோரு மணின்னு அச்சடிச்சுட்டு பொழுதுபோற நேரத்துல நிக்காஹா? இன்னா ஊட்டுக்காரங்க இவங்க?" அதே வெள்ளிக்கிழமை நௌஷாதும் பேசினான். ஹாதியா திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குக் கோபமா, சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "சாயங்காலம் வெயிலு கம்மியா இருக்கும்" என்றான். இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

ஞாயிறும் வந்தது. டீச்சருடையது மண்டபக் கல்யாணம் என்பதால் ஷாமியானா அவருக்குத் தேவைப்படவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் காலையிலேயே அதைக் கட்டிவிட்டார்கள். பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாயிற்று. எல்லாம் இருக்கிறது, உட்கார மட்டும் ஒன்றும் இல்லை. கடையை ஒட்டிய வீட்டு மாடியில் பெண்கள் நடுவே பட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்த ஹாதியாவின் கண் முழுக்கச் சன்னலில் இருந்தது.

அஸர் பாங்கு சொன்னார்கள். தொழுகையும் முடிந்தது. வண்டி வரவில்லை. கடப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் ஷாமியானாவுக்குள் வந்து நாலாபுறமும் பார்த்துவிட்டு, நின்றார்கள். பெரியவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "நாற்காலி வாடகைக்குக் குடுக்கற வூடாம்" என்று அவர் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. சுலைமான் பாய் ரோட்டுக்கும் மைதானத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க ஹாதியாவால் முடியவில்லை. எல்லாம் அவள் இழுத்த இரண்டு கோட்டால் வந்தது.

ஒருவழியாக ஹாரன் அடித்துக்கொண்டே டெம்போ வந்து சேர்ந்தது. டிரைவர் எல்லப்பன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினான்: "பாய், இன்னாத்த சொல்றது! டீச்சரம்மா ஸ்டூடன்ஸுங்கோ கும்பல் கும்பலா ஒக்காந்து போட்டோ புட்ச்சிகினே கீறாங்கோ. ஒருத்தனும் எயுந்துக்க மாட்றான். கடசீல டீச்சரம்மா மேடையிலேர்ந்து எறங்கி வந்து, 'எல்லாரும் எழுந்து நில்லு'ன்னு ஒரு அதட்டு போட்டாங்கோ பாரு, கலெக்டர் ஆபீஸுல வேல செய்றவன் கூட எயுந்து நின்னான்!"

"ஆளுங்க எங்கடா?"

"மேச ஏத்தறதுக்கு அங்கியே விட்டுட்டேன். என்கூட ஒருத்தன் தான்."

ஆள் இல்லை. வண்டி நிறைய நாற்காலி. சுலைமான் பாய் இடிந்துபோய் நின்றார்.

அப்போது மாப்பிள்ளைக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு ஆள் விலகி வந்தான். கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவன் கழுத்தில் போட்டான். கோட்டைக் கழற்றி இன்னொருவன் கையில் கொடுத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு டெம்போவின் மேல் ஏறினான்.

"மாப்ள! வேணாம் மாப்ள! எறங்குங்க!" பாய் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நிக்கறது எங்க வூட்டு ஆளுங்க தானே மாமா" என்றான் நௌஷாத். "நான் எறக்காம யார் எறக்குவா?"

மாடியில் பெண்கள் எல்லாரும் சன்னலுக்குப் பாய்ந்தார்கள். ஹாதியா கல்யாணப் பெண் என்பதையே மறந்து எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவன் ஒரு கைக்கு நாலு, இன்னொரு கைக்கு நாலு என்று இறக்கினான். ஏ.சி. பெட்டியைத் தோளில் தூக்கிப் பழகிய கை. கோபமும் இல்லை, பெருமையும் இல்லை, ஏதோ தன் வீட்டு வேலையைப் பார்ப்பது போல. மாப்பிள்ளையே இறங்கிய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தோழர்கள் ஓடிவந்தார்கள். தம்பிமார் ஓடிவந்தார்கள். பெரியப்பாவும் ஒரு நாற்காலியை வாங்கி, விரித்து, அங்கேயே உட்கார்ந்து, "அந்தப் பக்கம் போடுங்கடா, வழிய விட்டுப் போடுங்க" என்று அதிகாரம் செய்யத் தொடங்கினார். பாய்க்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. "மாப்ள, முதுகுப் பக்கம் கை குடுத்துப் புடிங்க, அப்பதான் கால் மாட்டாது" என்று கத்திக்கொண்டே தானும் தூக்க ஆரம்பித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஹாதியா பார்த்தாள், அவர் உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆள் எப்படி, குணம் எப்படி என்று இத்தனை மாதமாக அவளுக்கு இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் மனசுக்குள் தெளிவாகச் சொல்லிக்கொண்டாள்.

நாற்காலி வரிசை முடிந்ததும் பெண்ணிடம் சம்மதம் கேட்க சுலைமான் பாய் இரண்டு சாட்சிகளோடு மாடி ஏறிவந்தார். சட்டையெல்லாம் தூசி, நெற்றியெல்லாம் வேர்வை. இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். முதல் தரம் தலையைக் குனிய வேண்டும், இரண்டாம் தரம் அழ வேண்டும், மூன்றாம் தரம் பக்கத்தில் இருக்கிற சித்தி முறைச் சாச்சி தொடையில் கிள்ளிய பிறகுதான் காதில் விழாத குரலில் சொல்ல வேண்டும். கிள்ளுவதற்கு ஒரு சாச்சி தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"ஹாதியா, கடப்பாக்கம் நௌஷாதுக்கு ஒன்ன நிக்காஹ் பண்ணிக் குடுக்க…"

"சம்மதம் அத்தா."

சாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சாட்சிக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுலைமான் பாய்க்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"முழுசா கேக்க வுடும்மா" என்றார். பிறகு மகளின் தலையில் கைவைத்து, முதலிலிருந்து முழுவதுமாகக் கேட்டார். அவளும் இன்னொரு தரம், கீழே கேட்கும்படியாக, சம்மதம் என்று சொன்னாள்.